பழைய அடையாளங்களை முடக்கிய சொற்களஞ்சியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சொற்களஞ்சிய நிர்வாகக் குழுவினருக்கு,

உங்கள் களஞ்சியத்தில் ஒவ்வொரு கருத்துக்கும் கொடுத்திருந்த பழைய இணைய அடையாள முகவரிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாகவும், இனிமேல் புதிய தளத்தின் முகவரிகளைப் பயன்படுத்திக்கொள்ளும்படியும் நீங்கள் வெளியிட்ட அறிவிப்பைப் படித்தேன். மொத்தம் இரண்டு பத்தி. காரணம் என்று அதில் இருப்பது ஒரே வரி: பழைய முகவரிகளுக்கு வருவோர் மிகக் குறைவு. அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல். உங்கள் கணக்கில் விழாத ஆட்களில் நானும் ஒரு ஆள்.

ஒரு சிறிய ஆவணக் காப்பகத்தின் அட்டவணையைப் பராமரிக்கும் இரண்டு பேரில் நான் ஒருவர். கடிதம், கையெழுத்துப் படி, துண்டறிக்கை, நிழற்படம் என்று எது வந்து சேர்ந்தாலும், அது என்ன வகை, எதைப் பற்றியது என்று குறித்துவைக்க வேண்டும். இதற்கு நாங்களே ஒரு சொற்பட்டியல் போடுவதா, ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொள்வதா என்று ஆறு ஆண்டுகளுக்கு முன்பு யோசித்தபோது உங்கள் களஞ்சியம் கண்ணில் பட்டது. சொற்பட்டியல்களை எந்திரம் படிக்க எழுதும் ஸ்கோஸ் வடிவில் ஒழுங்காக இருந்தது. ஒவ்வொரு கருத்துருவுக்கும், அதாவது ஒரு சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும், தனி முகவரி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த அடையாளங்கள் நிலையானவை, தயங்காமல் பயன்படுத்தலாம் என்று அறிமுகப் பக்கத்திலேயே எழுதியிருந்தீர்கள். தயங்காமல் பயன்படுத்தினோம்.

'படி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறுகிற படி, அளக்கிற படி, ஒரு நூலைப் பார்த்து எழுதிய படி, சம்பளத்தோடு வரும் பயணப்படி, அப்புறம் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிற 'படி'. வாசிக்கும் மனிதருக்கு எது எந்தப் படி என்று கேட்கவே தோன்றாது. எந்திரத்துக்கு அது வெறும் இரண்டு எழுத்து. உங்கள் களஞ்சியத்தில் பார்த்தெழுதிய படிக்கு 4127 என்று ஓர் எண் இருந்தது. அந்த எண்ணோடு முடியும் முகவரியைத் தரவில் எழுதிவிட்டால், பெயர் எந்த மொழியில் இருந்தாலும், எப்படி எழுத்துப்பிழையோடு இருந்தாலும், பொருள் அது ஒன்றுதான். அந்தக் கருத்துருவுக்குத் தமிழ்ப் பெயரைச் சேர்த்து அனுப்பியவர்களே நாங்கள்தான். நீங்கள் அதை ஏற்றுக்கொண்டு பதிலும் போட்டீர்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தரவில் இருக்கும் வெளி முகவரிகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றனவா என்று தினமும் இரவில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் சோதிக்கும். முகவரியைக் கூப்பிடும், 200 என்று பதில் வந்தால் சரி, பக்கம் இல்லை என்று பொருள்படும் 404 வந்தால் காலையில் எனக்கு மின்னஞ்சல். நீங்கள் பழைய முகவரிகளை நிறுத்திய நாளிலிருந்து பதினோரு இரவு அது ஓடியது. பதினோரு காலையும் 'எல்லாம் சரி' என்றே சொன்னது. ஏன் என்றால், நீங்கள் பழைய முகவரிகளுக்கு 404 தரவில்லை. எந்த எண்ணைக் கேட்டாலும் புதிய தளத்தின் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டீர்கள். முகப்புப் பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, அதனால் 200. வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று கேட்டால், தெருவே நன்றாக இருக்கிறது என்று பதில் சொல்வதைப் போல.

பன்னிரண்டாம் நாள் காலை, புதிதாக வந்த ஒரு கட்டுக் கடிதங்களைப் பதிவேற்றும்போதுதான் பிடிபட்டது. கருத்துருவின் பெயர்களை இழுத்துக்கொண்டு வர வேண்டிய நிரல் பாதியில் நின்றது. எந்திரம் படிக்கும் டர்ட்டில் வடிவத்தில் தரவு வேண்டும் என்று கேட்டிருந்தது. கைக்கு வந்ததோ ஒரு எச்.டி.எம்.எல். பக்கம், மேலே பெரிய வரவேற்புப் படத்தோடு. அந்த எண்ணை உலாவியில் போட்டுப் பார்த்தேன். அதே படம். இன்னொரு எண். அதே படம். இருபது எண் போட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தேன். உங்கள் அறிவிப்பு வந்தது அதற்கும் இரண்டு நாள் கழித்து.

சரி, நடந்தது நடந்துவிட்டது, மாற்றிக்கொள்வோம் என்று அறிவிப்பில் நீங்கள் சொன்ன வழியையே பின்பற்றினேன். எண்ணுக்கு முன்னால் இருக்கும் பகுதியை மட்டும் மாற்றினால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். முதல் பத்துப் பதினைந்து எண்களைச் சரிபார்த்தேன், எல்லாம் பொருந்தின. ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில் ஒரே ஒரு புதுப்பிப்புக் கட்டளை போட்டு மொத்தத் தரவையும் மாற்றினேன்.

மறுநாள் என்னோடு வேலை செய்பவர் கையெழுத்துப் படிகளைத் தேடினார். ஒன்றுகூட வரவில்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் எங்கே போயின என்று தேடினால், அத்தனையும் 'கால்நடைத் தீவனம்' என்ற தலைப்பின் கீழ் இருந்தன. பழைய தாளை மாடு தின்னும் என்பது உண்மைதான், ஆனால் அட்டவணையில் அப்படி எழுதிவைக்க முடியாதே.

ஏன் இப்படி ஆனது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் முழுவதும் ஆனது. நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சொல்கிறேன். புதிய மென்பொருளுக்குள் களஞ்சியத்தை ஏற்றியபோது அது ஒன்றிலிருந்து புதிதாக எண் போட்டிருக்கிறது. முதல் 211 எண்கள் பழைய வரிசைப்படியே விழுந்ததால் பழையதும் புதியதும் ஒத்துப்போகின்றன. 212-ஆவது கருத்துரு முன்பே கைவிடப்பட்ட ஒன்று. மென்பொருள் அதை ஏற்றாமல் தாண்டிவிட்டது. அங்கிருந்து எல்லா எண்ணும் ஒன்று பின்தள்ளி வருகிறது. அடுத்து கைவிடப்பட்ட ஒன்று வரும்போது வித்தியாசம் இரண்டாகிறது. அப்படியே கூடிக்கொண்டே போய், 4127-ஐத் தொடும்போது அது வேறு ஏதோ ஒன்றாக ஆகிவிட்டது. உங்கள் பக்கம் சோதித்தவர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். குறை சொல்லவில்லை, நானும் அதையேதான் செய்தேன்.

முகவரி செத்துப்போனால் அது ஒரு இழப்பு. உடனே தெரியும், அழுதுவிட்டு வேலையைப் பார்க்கலாம். கொடுத்த எண்ணை எடுத்து இன்னொரு பொருளுக்கு மாட்டிவிட்டால், தரவு தவறு என்பதே வெளியில் தெரியாது. எல்லா இணைப்பும் வேலை செய்யும், எல்லா வினவலுக்கும் விடை வரும், விடை மட்டும் பொய்யாக இருக்கும். எங்களிடம் முந்திய நாள் பிரதி இருந்ததால் மீட்டோம். பிரதி இல்லாமல், மறுநாள் தேடிப் பார்க்க ஆளும் இல்லாமல், இதே கட்டளையை ஓட்டியவர் எத்தனை பேரோ.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். வருவோர் குறைவு என்று உங்கள் சர்வர் பதிவைப் பார்த்துச் சொல்கிறீர்கள். சர்வர் பதிவு காட்டுவது கதவைத் தட்டியவர்களை. அடையாளத்தின் வேலை கதவைத் திறப்பதோடு முடிவதில்லை. அது முதலில் ஒரு பெயர். தெரிந்தவர் ஒருவரின் பெயரைச் சொல்லி நாள் முழுவதும் பேசுகிறோம். ஒவ்வொரு தடவையும் அவர் வீட்டுக்குப் போய்த் தட்டிவிட்டா பேசுகிறோம்? எங்கள் தரவில் உங்கள் எண்கள் ஆயிரக்கணக்கான இடங்களில் இருக்கின்றன. இரவுச் சோதனையை விட்டுவிட்டால், ஒரு மாதத்தில் உங்கள் சர்வரை நாங்கள் உண்மையாகவே கூப்பிடுவது இருபது முப்பது தடவை இருக்கும். அதுவும் பெயர்களை ஒரு முறை இறக்கிச் சேமித்துக்கொள்வதற்காக.

இப்படிச் சேமித்துக்கொள்வதுதான் மரியாதையான பழக்கம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 2008-இல் வலைக்கான தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி வெளிப்படையாகவே புலம்ப வேண்டியிருந்தது: தங்கள் சர்வரில் இருக்கும், ஆவண அமைப்பு விதிகள் கொண்ட டி.டி.டி. கோப்புகளை உலகம் முழுக்க இருக்கும் மென்பொருள்கள் மறுபடி மறுபடி வந்து கேட்கின்றன, நாளைக்கு 13 கோடி தடவை வரை கேட்கின்றன, ஒரு முறை எடுத்துவைத்துக்கொள்ளக் கூடாதா என்று. ஆக, நல்ல பிள்ளையாக நடந்துகொண்டவர்கள்தான் உங்கள் பதிவில் குறைவாகத் தெரிகிறோம். குறைவாகத் தெரிவதால் எங்களை இல்லை என்று முடிவுசெய்திருக்கிறீர்கள்.

இந்தத் துறையில் இதெல்லாம் யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. நல்ல முகவரி மாறாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ எழுதியது 1998-இல். அந்தக் கட்டுரை இன்றைக்கும் அதே முகவரியில்தான் இருக்கிறது. 2006-இல் அவர் தரவுகளை வலையில் ஒன்றோடொன்று இணைக்கும் லிங்க்டு டேட்டாவுக்கு நான்கு விதி சொன்னபோது முதல் விதியே, பொருள்களுக்குப் பெயராக யூ.ஆர்.ஐ.களை, அதாவது இணைய முகவரி வடிவ அடையாளங்களைப் பயன்படுத்துங்கள் என்பது. பெயராக. இரண்டு முகவரிகள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் இத்தகைய தரவை எழுதும் முறையான ஆர்.டி.எஃப். அவற்றை ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும், எச்.டி.டி.பி.யோடு ஓர் 'எஸ்' சேர்ந்தாலே போச்சு, அது வேறு பெயர். அதனால்தான் வலைப்பக்கத் தரவுக்கான சொற்களை வெளியிடும் ஸ்கீமா.ஆர்க் தளத்தார் இரண்டு விதமாகவும் எழுதலாம் என்று தனியாகச் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. நீங்களோ முன்பகுதியை மாற்றி, 'எஸ்' சேர்த்து, கடைசியில் எண்ணையும் மாற்றியிருக்கிறீர்கள். எதுவும் மிச்சமில்லை.

நம் ஆட்கள் இதைவிட நுணுக்கமான விஷயத்துக்கெல்லாம் சண்டை போட்டவர்கள். ஒரு பொருளின் முகவரியைக் கேட்டால் அந்தப் பொருளைப் பற்றிய ஆவணத்தை நேராகத் தரலாமா, அல்லது 303 சொல்லி வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று மூன்று ஆண்டுக்கும் மேலாக வாதாடி, 2005-இல் டபிள்யூ3சியின் தொழில்நுட்பக் கட்டமைப்புக் குழு ஒரு முடிவு சொல்லி, அந்த முடிவையும் வைத்து மறுபடி வாதாடினார்கள். அந்தக் காலத்துப் பிடிவாதத்தைப் பார்த்து அப்போது எனக்குச் சலிப்புதான் வந்தது. பொருளா ஆவணமா என்ற கேள்வி இருக்கட்டும், வரவேற்புப் படம் வந்து நிற்கும் என்று அவர்களில் ஒருவர்கூட எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பணமில்லை, ஆளில்லை என்று சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். பழைய சர்வர் பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாமல் கிடந்தது எனக்கும் தெரியும். ஸ்பார்க்கிள் சேவையை மூடியதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு கனமான வினவலையும் அனுப்பக்கூடிய ஒரு சேவையைச் சும்மா நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடும் வழிமாற்று அப்படிப்பட்டது இல்லை. பழைய எண், புதிய எண் என்று இரண்டு நெடுவரிசை கொண்ட ஒரு கோப்பு. அதைப் படித்துத் திருப்பிவிட வெப் சர்வர் அமைப்பில் சில வரிகள். முகப்புப் பக்கத்துக்குத் திருப்புவதற்கும் நீங்கள் ஒரு வரி எழுதித்தானே இருக்கிறீர்கள்.

இதைச் சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். நிலையான முகவரிகள் தரும் பர்ல் சேவையை நூலகக் கூட்டமைப்பான ஓ.சி.எல்.சி. 1995-இல் தொடங்கியது. நூல், ஆவண விவரங்களைக் குறிக்கும் சொற்பட்டியலான டப்ளின் கோரின் பெயர்கள் எல்லாம் அந்த முகவரியில்தான் இருக்கின்றன. தொடர்ந்து நடத்த வேண்டாம் என்றானபோது, 2016-இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் கையில் ஒப்படைத்தார்கள். வீடு கைமாறியது, கதவு எண் மாறவில்லை. உலகம் முழுக்க டப்ளின் கோரைப் பயன்படுத்தும் அட்டவணைகள் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

ஃப்ரீபேஸ் என்ற திறந்த அறிவுத்தளத்தின் கதை இன்னும் பொருத்தம். அதை மூடப்போவதாகக் கூகிள் 2014 டிசம்பரில் சொன்னது, 2015 மார்ச் கடைசியில் எழுதுவதை நிறுத்தியது, ஏ.பி.ஐ. 2016 வரை ஓடியது. மூடியதில் எனக்கு வருத்தம் உண்டு, அது வேறு. ஆனால் மொத்தத் தரவையும் ஒரே கட்டாக இறக்கிக்கொள்ளக் கொடுத்தார்கள். விக்கிப்பீடியாவின் உடன்பிறப்புத் தரவுத்தளமான விக்கித்தரவின் எண்களோடு ஒப்பிட்ட பட்டியலையும் வெளியிட்டார்கள். விக்கித்தரவில் ஃப்ரீபேஸ் அடையாளத்துக்கென்றே பி646 என்று ஒரு பண்பு இருக்கிறது. கடை மூடி இத்தனை ஆண்டு கழித்தும், பழைய ரசீதைக் கொண்டுவந்தால் என்ன பொருள் என்று சொல்ல ஆள் இருக்கிறது. விக்கித்தரவிலேயே இரண்டு உருப்படிகளை இணைத்தால், கரைந்துபோன எண் மற்றதற்கு வழிமாற்றாக நிற்கும். வேறொன்றுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

உங்கள் குழுவில் ஒருவரிடம் இதைத் தனியாகப் பேசினேன். "நீங்க ஒருத்தர்தான் கேக்குறீங்க" என்றார். இருக்கலாம். நம் வட்டம் சின்னது. எந்திரத்துக்கும் பொருள் புரியும் வலை, செமாண்டிக் வெப் என்று சொன்னால் அது இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறவர்கள் நடுவில் வேலை செய்கிறோம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அடுத்த கூட்டத்தில் முகம் பார்க்க வேண்டும், அதனால் குறையை மெதுவாகச் சொல்வோம், பாதிப் பேர் சொல்லவே மாட்டோம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மற்றவர்களுடைய சோதனை நிரல்களும் என்னுடையதைப் போலவே தினமும் காலையில் 'எல்லாம் சரி' என்று சொல்லிக்கொண்டிருக்கும். அவர்களுக்குத் தெரிந்தால்தானே கேட்பார்கள்.

அதனால் நான் கேட்பவை இவை. முகப்புப் பக்கத்துக்குத் திருப்பும் அந்த ஒரு வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வேறு எதுவும் தயாராகாத வரை வெறும் 404 வரட்டும். குறைந்தபட்சம் அது உண்மை. எண்ணுக்கு முன்னால் இருக்கும் பகுதியை மாற்றினால் போதும் என்ற அறிவுரையை அறிவிப்பிலிருந்து நீக்கி, 211-க்கு மேல் அது தவறு என்று அதே இடத்தில் எழுதுங்கள். ஏற்கெனவே மாற்றியவர்கள் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் வழி.

அடுத்து, பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான முழுப் பட்டியல். மென்பொருளில் ஏற்றிய கோப்பு உங்களிடம் இருக்கிறது, அதிலிருந்து எடுத்துவிடலாம். பட்டியல் கிடைத்ததும் ஒவ்வொரு பழைய முகவரியையும் அதனதன் புதிய கருத்துருவுக்கே, நிரந்தரமாக இடம் மாறியது என்று சொல்லும் 301 போட்டு அனுப்புங்கள். ஏற்றாமல் விட்டவற்றுக்கு 410 கொடுங்கள். அவை ஒருகாலத்தில் இருந்தன, இப்போது இல்லை என்று அது நேராகச் சொல்லும். புதிய களஞ்சியத்தில் அவற்றைக் கைவிடப்பட்டவை என்று குறித்து, எதற்குப் பதிலாக எது என்றும் எழுதுங்கள். கருத்துருக்களை விவரிக்கும் தரநிலையான ஆவுல் 2 வந்த 2009-இலிருந்தே கைவிடப்பட்டதைக் குறிக்க ஒரு பண்பு இருக்கிறது. பதிலுக்கு எது என்று காட்ட டப்ளின் கோரில் ஒன்று இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

பழைய களஞ்சியம் கடைசி நாளில் எப்படி இருந்ததோ அப்படியே, எல்லா மொழிப் பெயர்களோடும், ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளத் தாருங்கள். புதிய தளத்தில் பல மொழிப் பெயர்களைக் காணவில்லை, தமிழ் உட்பட. அவை பலர் சும்மா உட்கார்ந்து சேர்த்துக் கொடுத்தவை; தூக்கிப்போடும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்று நீங்களே யோசியுங்கள்.

கடைசியாக, புதிய முகவரிகளைப் பற்றி ஒரு பக்கக் கொள்கை வேண்டும். அந்தத் தளப்பெயருக்கு எத்தனை ஆண்டு பணம் கட்டியிருக்கிறது, குழு கலைந்தால் யார் கையில் போகும், ஒருமுறை கொடுத்த எண் மறுபடி வேறு எதற்கும் போகாது என்ற உறுதி. அல்லது முகவரிகளை டபிள்யூ3ஐடி போன்ற பொது வழிமாற்றுச் சேவையின் கீழ் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். அங்கே விதிகள் எல்லாரும் பார்க்கும் பொதுக் கோப்பகத்தில் கிடக்கின்றன. தளம் மாறினால் விதியில் ஒரு வரியை மாற்றினால் போதும், எங்கள் தரவை யாரும் தொட வேண்டியதில்லை.

பட்டியல் போட ஆள் இல்லை என்றால், நாங்கள் பயன்படுத்திய கருத்துருக்களுக்குப் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் நான் கையால் ஒப்பிட ஆரம்பித்துவிட்டேன். இதுவரை அறுநூறுக்குச் சற்று மேல் முடிந்திருக்கிறது. அந்தக் கோப்பை அனுப்பத் தயார். உங்கள் அடுத்த கூட்டம் முடியும்வரை எங்கள் தரவில் பழைய முகவரிகளையே வைத்திருப்போம். அதற்குள் பதில் வராவிட்டால் அந்த முகவரிகளை எங்கள் தளத்தின் கீழ் எங்கள் எண்களாகவே மாற்றிக்கொள்வோம். புதிய களஞ்சியத்துக்கு இணைப்புக் கொடுக்க மாட்டோம்.

இப்படிக்கு,
பழைய 4127-க்குத் தமிழ்ப் பெயர் அனுப்பிய ஆள்